முட்டைக்கோஸில் ஆந்த்ராக்ஸ்

ஒரு வியாழக்கிழமை காலை, ஆந்த்ராக்ஸ் கிருமியோடும் ஐந்து பொட்டலம் பிரியாணியோடும் நாங்கள் நான்கு பேர் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தோம். இதைச் சொன்னால் என் நாத்தனார் நம்புவதில்லை. "பிலோமினா அண்ணி ரிட்டையர் ஆனதுலேர்ந்து நல்லா கதை கட்டுறாங்க" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் காவ்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. பாக்டீரியாக்களின் பெயர்கள் வரிசையாக மாறிக்கொண்டிருக்கின்றனவாம். பாதி அறிக்கைப் படிவங்களைத் திருத்த வேண்டியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "ஒரு பேர வச்சா வச்சதுதானே, எதுக்கு மாத்தணும்?" என்று சலித்துக்கொள்கிறார்களாம்.

"அக்கா, அந்த முட்டைக்கோஸ் கேஸ எழுதிக் குடுங்களேன். நான் சொன்னா சிரிக்கிறாங்க, நம்ப மாட்டேங்கிறாங்க லா."

அவளும் அந்த அறைக்குள் இருந்தவள். அவள் சொல்லியே நம்பாதவர்கள் நான் எழுதினால் நம்பிவிடப் போகிறார்களா என்ன? இருந்தாலும் எழுதுகிறேன். நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயத்தை எழுதக் கூலியா கேட்பது?

நான் பிறந்தது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிடித்தது, டிப்ளோமா படித்தேன், கெலாங் பாத்தாவில் உணவுப் பரிசோதனை செய்யும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு கிருமியையும் பார்க்கவில்லை. அவற்றுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடற்பாசித் தூளைக் காய்ச்சி, அதில் ஒவ்வொரு கிருமிக்கும் பிடித்ததைக் கலந்து, வட்டத் தட்டுகளில் ஊற்றி ஆற வைப்பதுதான் வேலை. வீட்டில் மூன்று பேருக்கு ரசம் வைக்கத் தெரியாத நான், அங்கே நாளொன்றுக்கு முந்நூறு தட்டு ஊற்றினேன். பிறகு மெல்ல மெல்லப் பரிசோதனை மேசைக்கு வந்தேன். மீன் உருண்டை, மீ நூடுல்ஸ், சாஸ், உறைய வைத்த சமோசா என்று ஜொகூரில் செய்து சிங்கப்பூருக்குப் போகிற எதுவானாலும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். லாரிகள் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப்பக்கம் எங்கள் அறிக்கைத் தாளுக்காகக் காத்து நிற்கும்.

எங்கள் தலைவர் டாக்டர் ஞானசேகரன். குள்ளமான மனிதர். எவ்வளவு வெயில் அடித்தாலும் சட்டைக் கையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். காவலாளி முதல் காவ்யா வரை எல்லாரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையே பயமாக இருக்கும். பரிசோதனை முடிவோடு யாராவது போனால் கையிலிருக்கிற பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து நின்றுதான் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். நாம் சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி:

"எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

அவரிடம் சேர்ந்த புதிதில் ஒரு மீன் உருண்டைத் தட்டில் கருப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது சால்மொனெல்லா" என்று ஓடினேன்.

"எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

"புத்தகத்துல கருப்பா இருக்கும்னு போட்டிருக்கு டாக்டர்."

"புத்தகத்துல என் போட்டோவும் கருப்பாத்தான் இருக்கும் பிலோமினா. நான் சால்மொனெல்லாவா?"

உண்மையான சால்மொனெல்லாவை ஒரு தட்டிலும் என்னுடையதை இன்னொரு தட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்க்கச் சொன்னார். லாரி ஒரு நாள் காத்திருந்தது. மறுநாள் பார்த்தால் என்னுடையது வேறு ஏதோ ஒரு சாதுவான கிருமி. அதுவும் கருப்பாக வளருமாம். அந்த மீன் உருண்டை ஆலைக்காரருக்கு அவர் எவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பினார் என்பது இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து என் வாயில் "இது இன்னது" என்று வந்ததில்லை. "இன்னதைப் போல இருக்கு" என்றுதான் வரும். என் கணவரிடம் கூட, "நீங்க வாங்கினது கத்திரிக்காயைப் போல இருக்கு" என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இனி முட்டைக்கோஸ்.

ஹாஜா பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து கடை போட்டவர். மகன் அந்தக் கடையைச் சமையல்கூடமாக வளர்த்து, மூன்று தொழிற்சாலைக் கேண்டீன்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். பதினான்கு பேருக்கு அவரிடம் வேலை. சாப்பாட்டோடு ஒரு சின்ன டப்பாவில் சாலட்டும் போகும். முட்டைக்கோஸ், வெள்ளரி, கொஞ்சம் அன்னாசி. அந்த டப்பாவை ஒரு தொழிற்சாலை தன் கணக்கில் பரிசோதித்துப் பார்த்தது. 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமி அளவுக்கு மேல் இருப்பதாக முடிவு வந்தது. ஆறின சோற்றில் வளர்ந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கிற கிருமி அது. ஒரு வாரத்துக்குள் காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டை நிறுத்திவிடுவோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

பாய் திங்கட்கிழமை காலையில் நான்கு பை காய்கறியோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, என் கிச்சன் தரையில நீங்க சோத்தக் கொட்டி வழிச்சுச் சாப்பிடலாம். எங்கேருந்து வந்துச்சு இந்தச் சனியன்? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சமையல்கூடத்தின் மேசை, கத்தி, பலகை எல்லாவற்றையும் துடைத்தெடுத்த பஞ்சுகள், காய்கறிகள், தயாரான சாலட் என்று எல்லாவற்றையும் பரிசோதனைக்குப் போட்டோம். இதற்கென்று ஒரு தட்டு உண்டு. அதில் முட்டையின் மஞ்சள் கருவைக் கலப்போம். காயை நறுக்கி உப்புநீரில் கலக்கி, அந்த நீரைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிக் கம்பியால் தட்டு முழுக்கத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கும்போது அழுத்தவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஒரு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால் போதும். சீரியஸ் இருந்தால், ரோஜா நிறத்தில் புள்ளியும் அதைச் சுற்றிப் பால் சிந்தினதைப் போல ஒரு வெள்ளை வளையமும் வரும்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தேன். பாயின் மேசை சுத்தம். கத்தி சுத்தம். பலகை சுத்தம். முட்டைக்கோஸ் தட்டில் மட்டும் ரோஜாத் தோட்டம்.

டாக்டர் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே போல வளர்ற இன்னொண்ணு இருக்கு பிலோமினா. புழுவக் கொல்றதுக்காகத் தோட்டத்துல தெளிப்பாங்களே, அந்த பாக்டீரியா மருந்து. அதுவும் இந்தத் தட்டுல ரோஸாத்தான் வரும். முட்டைக்கோஸ் போட்டவர் அத அடிச்சாரான்னு கேளுங்க."

அந்தக் கிருமியின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சீரியஸுக்கு உடன்பிறப்பு. புழுவின் வயிற்றைக் கிழிக்கிற ஒரு படிகத்தை உடம்புக்குள் செய்து வைத்திருக்கும் என்பதுதான் வித்தியாசம். முட்டைக்கோஸ் போட்டவர் சிம்பாங் ரெங்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற ஆ சோங். போனில் பிடித்தேன். மலாயில் கத்தினார்: "மருந்தா? நானா? நான் எதுவுமே அடிக்கிறதில்ல! என் தோட்டத்துப் புழு அதுவா வரும், அதுவா செத்துப்போகும்!"

டாக்டரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "அதுவா செத்துப்போகுதாமா?" என்று தனக்குள்ளேயே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பிறகு காவ்யாவைக் கூப்பிட்டார்.

காவ்யா தங்காக்கில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளை நம்பி டாக்டர் ஒரு புது இயந்திரம் வாங்கியிருந்தார். ஸ்டேப்ளர் அளவுதான் இருக்கும். அதை மடிக்கணினியில் செருகி, கிருமியின் டி.என்.ஏ.வை ஊற்றிவிட்டால், ஐம்பது லட்சம் எழுத்தையும் ஒன்றுவிடாமல் படித்துக் கொடுத்துவிடும். எனக்கு அது புரியவில்லை என்றபோது அவள் சொன்ன விளக்கத்தை நான் மறக்கவேயில்லை.

"அக்கா, எங்கப்பா கடையில ரெண்டு சேலைய மடிச்ச மாதிரியே வச்சு ஓரத்த மட்டும் பாத்தா ஒண்ணு போல இருக்கும். முன்னாடியெல்லாம் பாக்டீரியாவ அப்படித்தான் பாத்தாங்க, ஒரு ஓரத்த மட்டும். இப்ப முழுசா விரிச்சுப் போட்டு நூலுக்கு நூல் பாக்கலாம். நூறு எழுத்துக்கு தொண்ணூத்தஞ்சு எழுத்தாவது ஒத்துப்போனா ஒரே இனம். கீழ போனா வேற இனம்."

"ஏன் தொண்ணூத்தஞ்சு? தொண்ணூறுன்னு வச்சா ஆகாதா?"

"எந்த ரெண்டு பாக்டீரியாவ எடுத்தாலும், ஒத்துப்போறது ஒண்ணு அதுக்கு நல்லா மேல இருக்கும். இல்லன்னா நல்லா கீழ இருக்கும். நடுவுல காலியா ஒரு இடம். அங்கதான் கோடு போட்டிருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரும்பாலும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த "பெரும்பாலும்" எங்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

புதன்கிழமை முழுக்க அவள் டி.என்.ஏ. பிரித்தாள். ஒரே புள்ளியிலிருந்து எடுத்த கிருமியை நானும் என் வழக்கப்படி இன்னும் மூன்று இடத்தில் போட்டு வைத்தேன். இரத்தம் கலந்த தட்டு ஒன்று, ஒரு குழாயில் கிருமி வளர்க்கிற சத்துக் குழம்பு, இரண்டு நாள் பட்டினி போட்டு வைக்கிற தட்டு ஒன்று. கிருமி பட்டினி கிடந்தால்தான் அந்தப் படிகத்தைச் செய்யும். இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஹாஜா பாய் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்துவிட்டார். முடிவு நல்லபடியாக வரும் என்ற நம்பிக்கையாம். அலுவலக அறையில் உட்கார வைத்தோம். அந்த நேரத்தில்தான் காவ்யாவின் மேசையிலிருந்து, "அலமாக்!" என்று மலாயில் ஓர் அலறல் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் ஒரே வரி. 'மிக நெருங்கிய இனம்: பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். ஒற்றுமை: தொண்ணூற்றேழு.'

ஆந்த்ராக்ஸ் நோயைக் கொடுக்கிற கிருமி. ஆடு மாடுகளைச் சாய்க்கிறது, மனிதரையும் சாய்க்கிறது. காவ்யா சொன்ன கணக்குப்படி தொண்ணூற்றைந்துக்கு மேலே இரண்டு. அப்படியென்றால் ஒரே இனம்.

காவ்யாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "அக்கா, நேத்து இத நான் பாதுகாப்புப் பெட்டியில வைக்காம, வெளி மேசையில வச்சுக் கலக்கினேன்கா."

"நான் பிளேட்ட மோந்து பாத்தேன்" என்றேன். செய்யவே கூடாத காரியம். முப்பது வருஷமாக எல்லாரும் ரகசியமாகச் செய்கிற காரியம்.

டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். சட்டைக் கைப் பொத்தானை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். "கதவச் சாத்துங்க. யாரும் வெளிய போக வேணாம். பிளேட்டெல்லாம் பாதுகாப்புப் பெட்டிக்குள்ள. கைய நல்லா கழுவுங்க. பதட்டம் வேணாம்." அவர் குரலில் துளி நடுக்கமில்லை. ஆனால் மூடி வைத்த பேனாவை மறுபடி மூடப் பார்த்தார்.

அலுவலக அறைக் கண்ணாடியில் பாயின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்ன டாக்டர், கதவப் பூட்டிட்டீங்க? முட்டைக்கோஸுக்குள்ள பாம்பா இருந்துச்சு?"

"பாய், கொஞ்ச நேரம் உள்ளயே இருங்க. ஒரு சந்தேகம்."

"சந்தேகமா? காலையில பசியாறும்போது ஒரு டப்பா சாலட்ட நானே சாப்பிட்டேன் டாக்டர்!"

பாய் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சுகாதார அதிகாரியின் எண்ணைத் தாளில் எழுதி போன் பக்கத்தில் வைத்தார். "கூப்பிட்டே ஆகணும். அதுல பேச்சே இல்ல. ஆனா கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல மஞ்ச உடுப்புப் போட்டவங்க வந்து நிப்பாங்க. பாயோட கிச்சனுக்கு சீல். பதினாலு பேர் வீட்டுக்கு. நாளைக்கு முட்டைக்கோஸ்ங்கற பேரக் கேட்டாலே ஜொகூர் ஓடும். அதனால நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு சுத்தமா சொல்லத் தெரியணும். அதுக்குப் பத்து நிமிஷம்." காவ்யா பக்கம் திரும்பினார். "எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

காவ்யா விசைப்பலகையைத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "டாக்டர்... இந்தப் பட்டியல்ல ஆந்த்ராக்ஸ் குவிஞ்சு கிடக்கு. உலகத்துல எல்லாரும் பயந்துபோய் அதையே படிச்சு வச்சிருக்காங்க. மண்ணுல சும்மா கிடக்கிற அதோட சொந்தக்காரங்கள யாரும் அவ்வளவா படிக்கல. நம்ம சிம்பாங் ரெங்கம் மண்ணுலேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

"அப்ப பக்கத்துல இருக்கறதுலயே பட்டியல்ல அதிகமா இருந்த பேரக் கம்ப்யூட்டர் சொல்லிருக்கு."

"ஆமா டாக்டர். ஆனா தொண்ணூத்தேழு நிஜம். சொந்தம்ங்கறது நிஜம்."

"சொந்தமா இருக்கட்டும். ஆயுதம் இருக்கான்னு பாருங்க."

ஆந்த்ராக்ஸின் விஷமும் அதன் கவசமும் அதன் பெரிய டி.என்.ஏ.வில் இல்லை. தனியாக இரண்டு சின்ன டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. கைப்பையில் கத்தி வைத்திருப்பதைப் போல. பையைத் தொலைத்தால் அந்தக் கிருமிக்கு வலுவே இல்லை. காவ்யா அந்தப் பைகளைத் தேட ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "டாக்டர், ஆந்த்ராக்ஸ் நீந்தாதுதானே?"

கண்ணைத் திறந்தார். "நீந்தாது."

"என்கிட்ட நேத்து போட்ட குழம்பு இருக்கு. இரத்தத் தட்டும் இருக்கு."

இரண்டு கையுறை, முகக்கவசம், மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டேன். முதலில் இரத்தத் தட்டு. ஆந்த்ராக்ஸ் என்றால் இரத்தம் அப்படியே சிவப்பாக இருக்க வேண்டும். என் தட்டில் புள்ளிகளைச் சுற்றி இரத்தம் கரைந்து, கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது.

அடுத்து நடுவில் குழிவிட்ட கண்ணாடிச் சில்லு. மெல்லிய மூடிக் கண்ணாடியின் நான்கு மூலையிலும் வாஸ்லினைப் பொட்டளவு வைக்க வேண்டும். நடுவில் குழம்பில் ஒரு சொட்டு. குழிச் சில்லை அதன்மேல் கவிழ்த்து ஒட்டி, ஒரே திருப்பாகத் திருப்ப வேண்டும். தயங்கினால் சொட்டு ஓடிவிடும். சரியாகத் திருப்பினால் குழிக்குள் தொங்கும். ஆயிரம் தடவை செய்திருப்பேன். அன்றைக்கு முதல் சொட்டு ஓடிவிட்டது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதைத் திருப்பும்போது, "மாதாவே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தொங்கியது.

சில்லின் விளிம்பைச் சுற்றி அடைத்து, வெளியே துடைத்து, நுண்ணோக்கியில் வைத்தேன். முதலில் சொட்டின் ஓரம் தெரிந்தது. திருகை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.

குச்சி குச்சியாக, இரட்டை இரட்டையாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, வளைந்து திரும்பி, மோதி, மறுபடி கிளம்பி... பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போல ஓடிக்கொண்டிருந்தன.

"நீந்துது!" என்று கத்தினேன். "டாக்டர், நீந்துது! எல்லாம் நீந்துது!"

அதே நேரத்தில் காவ்யா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பை இல்ல! ரெண்டு பையும் இல்ல! விஷமும் இல்ல, கவசமும் இல்ல!"

கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து பாய், "என்னம்மா நீந்துது? யாரோட பை இல்ல?" என்று கதறினார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ. காவ்யாவும் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து நான் சிரித்தேன். முகக்கவசத்துக்குள் கண்ணீர் ஓடியது. டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான்கு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். கணினி என்ன சொன்னது, அதை ஏன் சொன்னது, நாங்கள் என்னென்ன பார்த்தோம், எதை இன்னும் பார்க்கவில்லை என்று வரிசையாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு மாதிரி அனுப்பச் சொன்னார்கள். அன்றே அனுப்பினோம். பத்து நாளில் அங்கிருந்தும் 'ஆந்த்ராக்ஸ் இல்லை' என்று தாள் வந்தது.

கதவைத் திறந்ததும் பாய் செய்த முதல் காரியம், பொட்டலங்களைப் பிரித்ததுதான். "ஆறிப்போச்சு. ஆறின சோறு வேணாம், அதுல வேற நீங்க எதையாவது கண்டுபிடிப்பீங்க. வாங்க, கடையில சூடா போடச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை பட்டினித் தட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு கிருமியின் உடம்பிலும், பட்டினியில் அது உருவாக்குகிற விதையின் பக்கத்தில் வைரம் போன்ற ஒரு சின்னப் படிகம். புழுவைக் கொல்கிற படிகம். ஆ சோங் பொய் சொல்லவில்லை. கடையில் விற்கிற மருந்திலுள்ள கிருமியோடு காவ்யா ஒப்பிட்டுப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டைக்கூடத் தொடவில்லை. இது மருந்திலிருந்து வந்ததல்ல. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது.

இப்போது அறிக்கையில் என்ன பெயர் எழுதுவது? முட்டைத் தட்டு சீரியஸ் என்றது. படிகத்தைப் பார்த்தால் துரிஞ்சியென்சிஸ். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற கோட்டைப் போட்டால், அது ஆந்த்ராக்ஸோடு ஒரே வீட்டில் வந்து உட்காருகிறது. அதோடு, துரிஞ்சியென்சிஸ் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட இரண்டு கிருமிகள் அந்தக் கோட்டின்படி இரண்டு வேறு இனமாகிவிட்டன. இந்தக் குடும்பத்தில் மட்டும் நடுவிலிருக்க வேண்டிய காலி இடத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். படிகம் செய்யும் மரபணுவும் இப்படி ஒரு கைப்பையில்தான் இருக்கும், அந்தக் கைப்பைகளையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். நாங்கள் பையைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம், கணினி முகத்தைப் பார்த்து வைத்தது.

காவ்யாவும் நானும் சனிக்கிழமை மதியம்வரை சண்டை போட்டோம்.

"கோடுன்னா கோடுதான் அக்கா. நமக்குப் பிடிக்கலன்னு அழிக்க முடியுமா?"

"பாய் கையில ஆந்த்ராக்ஸ்னு எழுதின தாளக் குடுத்து அனுப்பப் போறியா நீ?"

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பேனாவைத் திறந்தார். "ரெண்டு பேரும் சரி. ஆனா சாப்பிடறவங்களுக்கு வேண்டியது பேர் இல்ல. எந்தக் குடும்பம்னு எழுதுவோம். அதுகிட்ட என்ன இருக்கு, என்ன இல்லன்னு எழுதுவோம்."

அப்படியே எழுதினார். சீரியஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆந்த்ராக்ஸ் விஷம் இல்லை. வாந்தி விஷம் இல்லை. புழுவைக் கொல்லும் படிகம் உண்டு. வயிற்றுப்போக்குக்கான மரபணு ஒன்று உண்டு, ஆகவே அளவைக் குறைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால் பாய் எங்களைத் தோளில் தூக்கியிருப்பார். டாக்டர் விடவில்லை. வெளி இலை மூன்றை உரித்துப் போடுங்கள், மூன்று தண்ணீரில் கழுவுங்கள், நறுக்கினது கேண்டீனுக்குப் போகும்வரை பனிப்பெட்டியில் இருக்கட்டும் என்று ஒரு பக்கம் தனியாக எழுதிக் கொடுத்தார்.

பாய் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு நாளா இதுக்குப் பேர் தேடிட்டு, கடைசியில பேரே எழுதாமக் குடுக்கறீங்க?"

"பேர் எழுதினா பொய் சொன்ன மாதிரி ஆயிடும் பாய்."

"அதுவும் சரிதான். எனக்கே பாஸ்போர்ட்ல ஒரு பேரு, கடையில ஒரு பேரு. வீட்டுல கூப்பிடற பேர வெளிய சொல்ல முடியாது."

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த சாலட்டில் தட்டுக்கு மூன்று நான்கு புள்ளிதான் வந்தது. தொழிற்சாலை கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பதினான்கு பேரும் வேலையில் இருந்தார்கள்.

டாக்டருக்கு மட்டும் ஆ சோங் தோட்டத்தைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் காவ்யாவையும் ஏற்றிக்கொண்டு, காரின் பின்னால் ஒரு நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கம் போனார். முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவில் கருத்துத் துவண்ட புழுக்கள் இலையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் சட்டைக் கையோடு மண்ணில் முழங்காலிட்டு, ஒவ்வொன்றையும் தீக்குச்சியால் எடுத்துக் குப்பியில் போட்டார். ஆ சோங் பின்னாலேயே வந்தார். எழுபது வயதிருக்கும். "இதுதான் என் புழுவச் சாகடிக்குதா? காட்டுங்க."

அவருடைய முட்டைக்கோஸிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கொண்டுவந்த குழம்பில் ஒரு சொட்டை, கார் முன்பக்கத்தில் வைத்த நுண்ணோக்கியில் தொங்கவிட்டேன். ஆ சோங் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை. திடீரென்று, "ஓடுது! ஓடுது!" என்று கூவி, மனைவியைக் கூப்பிட்டார். மனைவி பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டார். அவர் தன் மருமகனையும் கூலியாட்கள் இருவரையும் கூட்டிவந்தார். கார் முன்னால் வரிசை நின்றது. டாக்டர் ஒவ்வொருவர் கண்ணுக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

ஆ சோங்கின் மனைவி கடைசியில் பார்த்தார். அவருக்குத்தான் கண் சரியாகப் பொருந்தியது. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மிகுந்த அன்போடு டாக்டரிடம் கேட்டார்: "பேர் என்ன?"

"இன்னும் வைக்கல" என்றார் டாக்டர்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், காவ்யாவைப் பார்த்தார். அப்படியே முட்டைக்கோஸ் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார். நாங்கள் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்துவிட்டோம்.